தாமிரபரணிக் கரையில் எழுத்தும் யந்திரமும் — பகுதி 17: விசைக்குப் பொருள் விதிப்பவர் யார்?

சென்ற பகுதியில், பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழ் பயின்ற அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய வரலாற்றையும், பின்னாளில் இக்கரையில் அச்சுத் தொழில் வேரூன்றிய விதத்தையும் கண்டோம். அந்த நெடிய காலம் முழுவதிலும் ஒரு விஷயத்தில் மட்டும் எவருக்கும் சந்தேகம் எழுந்ததில்லை. அச்சுக் கோப்பவன் அறையிலிருந்து ககரத்தை எடுத்து வைத்தால் தாளிலே ககரம் விழும். அவன் விரல் தொட்ட ஈயத் துண்டே எழுத்து, எழுத்தே ஈயத் துண்டு. கைக்கும் எழுத்துக்கும் நடுவே விசைப்பலகை என்று ஒன்று வந்து அமர்ந்த பின்னர்தான், இந்த விசைக்கு இந்த எழுத்து என்று விதிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது, எவரிடம் இருக்கத் தகும் என்ற வழக்குத் தொடங்கிற்று. அது இரும்பில் தொடங்கி, சில்லில் புகுந்து, எழுத்துருவில் ஒளிந்து, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலின் வாயிலில் வந்து நின்று, பின் கெர்னலுக்கு வெளியே, நிரல்கள் நடமாடும் பயனர்வெளிக்குக் குடிபெயர்ந்த சரித்திரமே இம்முறை நமக்குப் பொருள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாய் நாட்டில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துக்களையும் ஓர் ஆங்கில யந்திரத்தின் ஏறத்தாழ 46 விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்று ஆராய்ந்து, உயிர்மெய்களை முழு உருவாக வார்க்காமல் மெய்யுருவும் கொம்பும் காலும் புள்ளியுமாகப் பிரித்து, அவற்றைத் தாளின்மேல் மீண்டும் ஒன்றுசேர்க்கும் உபாயத்தைக் கண்டார். அந்த உபாயத்தின் உயிர்நாடி நகரா விசை. அதைத் தட்டினால் குறி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அந்தக் குறியின் அடியிலேயே வந்து பதியும். ஆகையால் புள்ளி முதலில், மெய் பின்னர். கொம்போ கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே மெய்க்கு முன்னால் வரும். நெல்லைக்காரர் ஒருவர் தம் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்கையில் நடுப்பகுதிக்கு வந்தால், கொம்பு, நகரம், புள்ளி, லகரம், இரட்டைக் கொம்பு, வகரம் என்று விரல்கள் செல்ல வேண்டும். வாய் உச்சரிக்கும் வரிசை ஒன்று, விரல் செல்லும் வரிசை வேறொன்று. இருந்தும் டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் சேர்ந்து, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ் லோயரும் ஹையரும் எழுதித் தேறி, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலும் நீதிமன்றங்களிலும் வேலைக்கு அமர்ந்தவர்களுடைய கைகளில் அந்த வரிசை மூச்சு விடுவதைப் போல ஊறிப் போயிற்று.

அந்த யந்திரத்தில் விசைக்கும் எழுத்துக்கும் உள்ள சம்பந்தம் இரும்பு நெம்புகோல் ஒன்றே. அதை மாற்ற வேண்டுமானால் அச்சுமுகத்தை உருக்கி எடுத்து வேறொன்றைப் பற்றவைக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தபோது, பாடநூல்களும் பத்திரிகைகளும் காலப்போக்கில் புதிய உருவங்களுக்கு மாறின; இரும்பில் வார்த்த எழுத்து ஆணையைக் கேட்டு மாறுவதில்லை. வன்பொருளிலேயே எழுத்தைப் பூட்டி வைப்பதில் உள்ள சங்கடத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் திருஷ்டாந்தம் தேவையில்லை.

ஆயினும் கணினி வந்த முதற்காலத்தில் நம் நாட்டு வல்லுநர்கள் மீண்டும் வன்பொருளையே நாடினார்கள் என்பது விசித்திரம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி, 1988-இல் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனத்தின் வழியாக ‘ஜிஸ்ட்’ அட்டையாக உருக்கொண்டது. கணினியின் உள்ளே செருகப்படும் அந்த அட்டை, விசைப்பலகையிலிருந்து வரும் குறிகளை வழிமறித்து இந்திய எழுத்துக்களாக்கித் திரையில் காட்டிற்று; கணினியின் இயங்குதளத்துக்கோ தன் வழியே தமிழ் செல்கிறது என்ற பிரக்ஞையே கிடையாது. அதனோடு கூடப் பிறந்தவை இஸ்கி என்னும் எழுத்துக்குறி முறையும் இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே விசையிடம் என்ற கொள்கையின்மேல் எழுந்த அந்த அமைப்பு, காகிதத்தில் பார்த்தால் கம்பீரமானது. பதினெட்டு மெய்களே உள்ள தமிழனுக்கோ அதில் ஆளில்லாத விசைகள் மிகுதி. தமிழ் நாட்டில் அது வேர் பிடிக்கவில்லை.

தொண்ணூறுகளில் அட்டையின் விலையைக் கொடுக்க இயலாத சிற்றச்சகத்தார் வேறொரு குறுக்குவழியைக் கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருவே அது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவதற்காக விரல்கள் தட்டியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. கணினியின் நினைவில் பதிந்திருப்பதும் அந்த ஐந்தே. விசைப்பலகையை எவரும் தொடவில்லை, இயங்குதளத்தை எவரும் தொடவில்லை. எழுத்துருவுக்கு மட்டும் வேஷம் போட்டாகிவிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேஷம் கலையும். கல்யாணப் பத்திரிகை முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகக் கிடக்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்கள் பிளாப்பியில் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய காலம் அது. அதை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. நாட்டில் அன்று நடந்த தமிழ்க் கணினி வேலையில் பெரும்பங்கு இந்த வேஷத்தின் மறைவிலேயே நடந்தது.

இக்குழப்பத்துக்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி முயன்று 1997-இல் கூட்டிய மாநாடும், மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடும் தமிழ்க் கணிமையின் சரித்திரத்தில் பிரசித்தமானவை. இரண்டாவது மாநாட்டின் விளைவாக 1999 ஜூனில் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசையமைப்பில், உயிர்கள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்தன. நம் வழக்குக்கு முக்கியமானது எழுத்துக்களின் இடம் அன்று. அதனோடு சேர்ந்து வந்த விதிகள். மெய்யைத் தொடர்ந்து உயிரைத் தட்டினால் இரண்டும் கூடி உயிர்மெய்யாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. அதாவது, தட்டச்சு யந்திரம் எழுத்தின் உருவத்தைக் கூறு போட்டது என்றால், தமிழ்99 தமிழ் ஒலியின் இலக்கணத்தை விசைப்பலகைக்குக் கற்றுக் கொடுத்தது.

இங்கேதான் பிரச்சினையின் மூலம் இருக்கிறது. ‘அம்பாசமுத்திரம்’ என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ்99 முறையில் அதற்கு அ, ம, ப, ஆ, ச, ம, உ, த, த, இ, ர, ம, புள்ளி என்று 13 தட்டுகள் போதும். ஆனால் யூனிகோடு முறையில் அச்சொல் 15 குறியெண்களால் ஆனது. அதிகப்படியான இரண்டும், மகரத்துக்கும் பகரத்துக்கும் இடையிலும் இரு தகரங்களுக்கு இடையிலும் தாமாக விழுந்த புள்ளிகள். பகரத்தைத் தட்டும்போது, முன்னால் தட்டியது மகரம் என்ற ஞாபகம் எவருக்கோ இருந்தாக வேண்டும். அந்த ஞாபகம் எங்கே குடியிருப்பது?

இதை விளக்க, 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நல்ல உதாரணம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கும் அரசுக் கல்லூரி மாணவர்க்கும் எல்காட் நிறுவனத்தின் மூலம் வழங்கிய அந்தக் கணினிகளில், விண்டோஸோடு கூட, சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு சமைத்த ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. எல்காட்டுக்கு லினக்ஸ் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில் சூசே லினக்ஸ் அங்கே முன்னமே புகுந்திருந்தது. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோரத்துக் கிராமங்கள் பலவற்றில், வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அந்தப் பையில் வந்த மடிக்கணினிதான்.

அந்த மடிக்கணினியைத் திறந்து, லினக்ஸைக் கிளப்பி, தமிழ்99 முறையைத் தேர்ந்து, எச் என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த விசையை ஒரு மாணவி அழுத்துகிறாள் என்று கொள்வோம். திரையில் ‘க’ தோன்ற வேண்டும். விசையின் அடியிலுள்ள மின்சுற்று மூடியதும், கட்டுப்பாட்டுச் சில்லு கணினிக்கு 35 என்ற எண்ணை அனுப்புகிறது. விரலை எடுத்ததும் அதனோடு 128-ஐக் கூட்டி 163-ஐ அனுப்புகிறது. கெர்னலிலுள்ள விசைப்பலகை இயக்கி இவ்விரண்டையும் பெற்று, எந்த நிறுவனத்தின் கணினியானாலும் மாறாத பொதுப்பெயராகிய விசையெண்ணாக மொழிபெயர்க்கிறது. எச் விசைக்கு அதுவும் 35-ஆகவே அமைந்தது பழைய ஐ.பி.எம். யந்திரங்களின் வம்சாவளியால் வந்த ஒற்றுமை. அத்தோடு கெர்னலின் கடமை முடிந்தது. இனிப் பயனர்வெளி. திரைக்குப் பொறுப்பான எக்ஸ் என்னும் சேவை நிரல், பூர்வீக வழக்கப்படி எட்டைக் கூட்டி 43 ஆக்கி, தன் அட்டவணையைப் பார்த்து அதை ‘எச்’ என்று தீர்மானிக்கிறது. அதன்பின் உள்ளீட்டு முறை நிரல் அதைக் கையில் வாங்கி, தமிழ்99 விதிப்படி ககரமாக்கி, 2965 என்ற யூனிகோடு எண்ணாக எழுதுநிரலிடம் ஒப்படைக்கிறது. ஒரு ககரத்துக்கு இத்தனை கை மாற்றம்! ஆனால் ஒவ்வொரு கைக்கும் தன் வரம்பு தெரியும்.

இவ்வரம்பு எளிதில் ஏற்பட்டதன்று. மேசைக் கணினியின் விசைப்பலகை எவர் செய்தாலும் ஒன்றுபோலவே பேசும், மடிக்கணினி அப்படியன்று. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், திரை வெளிச்சத்தை மாற்றவும், கம்பியில்லாத் தொடர்பை அணைக்கவும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல விசைகளை வைத்தது. அவை அனுப்பும் எண்களோ தரத்தில் இல்லாதவை. சில கணினிகளில் அந்தச் செய்தி விசைப்பலகையின் வழியாக வராமல் மின்நிர்வாகத்தின் புறவாசல் வழியாக வரும். சிலவற்றில் எஃப்என் விசையைக் கீழ்மட்டச் சில்லே விழுங்கிவிடும். கெர்னலுக்கு அது அழுத்தப்பட்டதே தெரியாது. இன்னும் சிலவற்றில் விசை அழுத்தப்பட்ட செய்தி வரும், விடுபட்ட செய்தி வராது; ஒலிவிசையை ஒருமுறை தொட்டால் ஒலி ஏறிக்கொண்டே போகும். 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6-க்குப் பிறகு, இவ்வித அந்நிய எண் வந்தால் கெர்னல் தன் குறிப்பேட்டில் ‘அறியாத விசை அழுத்தப்பட்டது’ என்று எழுதி, செட்கீகோட்ஸ் என்னும் கட்டளையால் அதற்குப் பெயர் சூட்டிக்கொள்ளுமாறு பயனருக்கே யோசனை சொல்லி நின்றது.

பெயரை எங்கே சூட்டுவது என்பதுதான் வழக்கு. கெர்னலுக்குள்ளேயே மடிக்கணினி மாதிரிகளின் பட்டியலை வைத்து, இன்ன கணினியில் இன்ன எண்ணுக்கு இன்ன பொருள் என்று எழுதிவிட்டால், கணினி விழித்த கணத்திலேயே எல்லாம் சரியாயிருக்கும் என்றது ஒரு கட்சி. மாதந்தோறும் புதுக் கணினி கடைக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கெர்னலைத் திருத்தி, அது விநியோகங்களின் வழியே பயனரிடம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். வெறும் தகவலை நிரலின் கருவுக்குள் சுமப்பது தகாது என்றது எதிர்க்கட்சி. முதற்கட்சிக்குச் சிறிது இடம் கிடைத்தது. ஆனால் காலத்தின் போக்கு எதிர்க்கட்சியையே ஆதரித்தது. பட்டியல் முதலில் ஹால் என்ற பயனர்வெளி நிரலுக்குச் சென்றது. 2009-இல் அங்கிருந்து யூடெவ் என்பதற்கு மாறியது. 2013-இல் அதன் வன்பொருள் தரவுத்தளமாகிய ஒரே எளிய உரைக்கோப்பில் நிலைபெற்றது. விடுபட்ட செய்தியை அனுப்பாத அந்தக் குறும்பு விசைகளுக்கு, பெயரின் முன்னே ஓர் ஆச்சரியக்குறி இட்டால் போதும். கெர்னல் தானே விடுவித்துக்கொள்ளும். கோப்பில் ஒரு வரி சேர்ப்பதற்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை.

எனினும் எதற்கு எவர் பொறுப்பு என்பதில் இரு தரப்பும் ஒரே வேலையைச் செய்தால் விளையும் விபரீதத்துக்கு, திரை வெளிச்ச விசையே சாட்சி. அந்த விசையின் செய்தி வந்ததும் கெர்னலிலுள்ள ஒளித்திரைப் பகுதி தானே வெளிச்சத்தை ஒரு படி ஏற்றிற்று. பின்னர் விசை அழுத்தப்பட்டதாகப் பயனர்வெளிக்கும் தெரிவித்தது. அங்கே மேசைத்தள நிரல் தன் கடமையாக எண்ணி இன்னொரு படி ஏற்றிற்று. ஒரு தட்டுக்கு இரண்டு படி. கெர்னலின் கையைக் கட்டிவைக்க ஒரு தனி அமைப்பே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. இரண்டு எஜமானர்கள் உள்ள வீட்டில் வேலைக்காரன் படும் அவஸ்தை என்று இதைச் சொல்லலாம் என்றால், இந்த வீட்டில் இருவருமே வேலைக்காரர்கள். எஜமானியாகிய மாணவி கண் கூசிக்கொண்டிருக்கிறாள்.

எக்ஸ் நிரலின் வயதும் இவ்வழக்கில் குறுக்கிட்டது. விசையெண்கள் 255-க்கு மேல் செல்ல அதில் இடமில்லை. எட்டைக் கூட்டும் வழக்கம் வேறு இருப்பதால், கெர்னல் தரும் எண்களில் 247 வரைதான் அதன் கண்ணுக்குப் புலப்படும். ஒலிவாங்கியை அணைக்கும் விசைக்குக் கெர்னல் 248 என்ற எண்ணை அளித்தபோது, அது ஒரே ஓர் எண் வித்தியாசத்தில் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது! பொருள் சரி, பெயர் சரி, கேட்பாரில்லை. அதனால் தரவுத்தளத்தில் அவ்விசைக்கு, எந்த மடிக்கணினியிலும் காணக் கிடைக்காத எஃப்20 என்ற பொய்ப்பெயரை இட்டு உள்ளே அனுப்பும் தந்திரத்தைக் கையாண்டார்கள். எக்ஸுக்குப் பின் வந்த வேலண்டில் அந்த 255 என்னும் மதில் இல்லை. பொய்ப்பெயர்களுக்கும் அங்கே அவசியமில்லை.

இந்நதிக்கரையில் வாழ்கிறவர்க்கு இந்தப் பங்கீட்டின் நியாயம் புதிதாகத் தோன்றாது. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அணைக்கட்டு நீரைத் தடுத்து நிறுத்திக் கால்வாய்க்குத் திருப்புவதோடு சரி. கன்னடியன் கால்வாயில் இறங்கிய தண்ணீர் எந்த மடை வழியாக, எந்த வயலுக்கு, எந்த நேரத்தில் பாய வேண்டும் என்பதைக் கீழே மண்வெட்டியோடு நிற்பவர் நிச்சயிக்கிறார். ஒவ்வொரு வயலின் பயிரையும் அறிந்து நீர் பகிர வேண்டும் என்று அணைக்கட்டையே கட்ட முற்பட்டால், ஒரு போகத்தில் நெல்லுக்குப் பதில் வாழை வைத்தவனுக்காக அணையை இடிக்க வேண்டி வரும்.

அப்படியானால் தமிழ்99 விதிகளைக் கெர்னலுக்குள் வைப்பது அறவே அசாத்தியமா என்று வாசகர் கேட்கலாம். கெர்னலுக்கும் எழுத்தைக் கூட்டும் சொற்ப அறிவு உண்டு; திரைச் சாளரங்கள் இல்லாத வெறும் உரைத்திரைக்காக, ஒரு குறியையும் ஓர் எழுத்தையும் சேர்த்து இன்னோர் எழுத்தாக்கும் அட்டவணை ஒன்று அதனுள் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலைமேல் குறி இடுவதற்காக ஏற்பட்ட அது, முத்தையாவின் நகரா விசைக்கு நேர் சகோதரன்: முதலில் குறி, பின்னர் எழுத்து. ஆனால் அந்த அட்டவணையில் 256 வரவுகளுக்கு மேல் இடமில்லை. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவதற்கு மேல் அதற்குத் தெரியாது. இரண்டு தகரம் வந்தால் நடுவே புள்ளி என்ற விதியை அதில் எழுத வழியில்லை. அந்த உரைத்திரையோ 512 உருவங்களுக்கு மேல் தாங்காது. கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தி வைக்கும் வித்தையும் அறியாது. தமிழைக் கெர்னலின் உரைத்திரையில் எழுதப் புகுவது, எனவே, வீண் பிரயாசை.

இடமும் வித்தையும் இருந்தாலுங்கூட அங்கே வைப்பது உசிதமன்று என்பது என் அபிப்பிராயம். கெர்னலில் உள்ள பிழை அத்தனை நிரலையும் சேர்த்துக் கீழே தள்ளும். பயனர்வெளியில் உள்ள உள்ளீட்டு நிரல் விழுந்தால், அதை மட்டும் எழுப்பி நிறுத்தினால் போதும். விண்டோஸில் விசைப்பலகை அட்டவணைக் கோப்பைக் கெர்னல் மட்டத்துப் பகுதியே படிக்கும் வழக்கம் இருந்தது. 2010-இல் உலகை அதிர வைத்த ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், தந்திரமாகச் சமைத்த விசைப்பலகை அட்டவணை ஒன்றைக் கொடுத்து அதை ஏமாற்றி, கணினியின் உச்ச அதிகாரத்தைக் கைப்பற்றும் வழியையும் தன் ஆயுதங்களில் ஒன்றாக வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு அக்டோபரில் அந்த ஓட்டையை அடைத்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு சாதுவான கோப்பு, அணுசக்தி நிலையத்துக்குக் குறிவைத்த படையெடுப்பில் பங்குபெறும் என்று எவர் நினைத்திருப்பார்?

நம்மவரோ, சித்தாந்தம் தெரிந்து செய்தார்களோ வசதி கருதிச் செய்தார்களோ, தொடக்கம் முதலே பயனர்வெளியில்தான் குடியேறினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலும், ஆஸ்திரேலியாவின் கீமேன் நிரலை ஆதாரமாகக் கொண்டு முகுந்தராஜ் ஆக்கிய எ-கலப்பையும், விஸ்வநாதனின் அழகியும், நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டரும் இயங்குதளத்தின் மேலே அமர்ந்து வேலை செய்பவை. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் மாக் ஓஎஸ் 10.4-இல் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு முறைகளையும் உடன் வைத்து அளித்தது. லினக்ஸில் ஜப்பானிய அறிஞர்கள் படைத்த எம்17என் என்னும் நூலகம், தமிழ்99-ஐயும் தட்டச்சு முறையையும் ஒலிபெயர்ப்பு முறையையும் தனித்தனி உரைக்கோப்புகளாக வைத்திருக்கிறது. முன்னால் வந்த மெய்யை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு புள்ளி இடுவது எப்படி என்பதைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து படிக்கலாம், ஒரு விதி பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். கொக்கிரகுளத்து டைப்பிஸ்ட் முதலில் கொம்பு, பின்னர் நகரம் என்ற தம் வரிசையை விடாமல் தட்டலாம். யூனிகோடு கேட்கும் வரிசையில் நகரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் மாற்றி வைப்பது நிரலின் பொறுப்பு. இரும்பு கெடுத்த ஒழுங்கை மென்பொருள் ஓசையின்றிச் சீர்படுத்துகிறது. விரல் பழக்கத்தை எவரும் துறக்க வேண்டியதில்லை.

பயனர்வெளிக்கு வந்ததனால் சங்கடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கணினியில் நுழையக் கடவுச்சொல் கேட்கும் திரையில் உள்ளீட்டு முறைகள் பெரும்பாலும் விழித்திருப்பதில்லை. தமிழில் கடவுச்சொல் வைத்தவர் வாயிலிலேயே நிற்பார். சில நிரல்கள் உள்ளீட்டு முறையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் விசையை நேரே எடுத்துக்கொள்ளும். அங்கே ‘க’ என்று தட்டினால் எச் விழும். எக்ஸிலிருந்து வேலண்டுக்குக் குடிமாறிய காலத்தில், ஐபஸ் முதலிய உள்ளீட்டு நிரல்கள் புதிய வழிமுறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. அதிகாரத்தைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொருவரும் மற்றவரோடு ஒத்துப்போக வேண்டிய நிர்ப்பந்தமும் கூடவே வரும்.

இந்த வழக்கில் இரு கட்சியும் எதிர்பாராத ஒரு திருப்பம் கைப்பேசியில் நிகழ்ந்தது. 2005-இல் கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான செல்லினம் என்னும் நிரல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது கைப்பேசிக்குப் பன்னிரண்டு விசைகளாவது இருந்தன. தொடுதிரை வந்த பின் அவையும் போயின. இன்று பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் அமர்ந்து வாட்ஸ்அப்பில் தமிழ் எழுதும் ஒருவருடைய கையிலுள்ள ஆண்ட்ராய்டு கருவியிலும் அதே லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. ஆனால் விரல் கண்ணாடியைத் தொட்ட இடம் குறுக்கில் இத்தனை, நெடுக்கில் இத்தனை என்ற இரண்டு அளவுகளை மட்டுமே அது மேலே அனுப்புகிறது. அந்த இடத்தில் ககரம் வரைந்திருக்கிறதா, படம் இருக்கிறதா, பொத்தான் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. விசைப்பலகையின் தோற்றமும் எழுத்தின் இடமும் புள்ளி இடும் விதியும், அடுத்த சொல் இதுவாயிருக்கலாம் என்ற ஊகமும் சேர்ந்து முழுக்கப் பயனர்வெளி நிரலுக்கே உடைமையாகிவிட்டன. அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது, நெல்லைப் பேச்சை அது எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது அடுத்த பகுதிக்கு.

(தொடரும்)